கலிபோர்னியாவில் மடக்குக் கத்தி: அலகின் நீளத்தை மட்டும் பார்ப்பதால் வரும் தவறுகள்

கலிபோர்னியாவில் பாக்கெட்டில் மடக்குக் கத்தி வைத்திருக்கலாமா என்று யாரைக் கேட்டாலும், "மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை" என்ற பதில்தான் வருகிறது. இந்தப் பதில் தவறு. மடித்து வைத்த சாதாரண மடக்குக் கத்திக்கு மாநிலச் சட்டத்தில் பொதுவான நீள வரம்பே கிடையாது. அலகு நான்கு அங்குலம் இருந்தாலும் மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கலாம். ஆனால் இரண்டு அங்குல அலகு கொண்ட ஒரு சின்னக் கத்தி, திறந்தபின் பூட்டிக்கொள்ளும் ரகமாக இருந்தால், பள்ளி வளாகத்துக்குள் கால் வைத்ததுமே குற்றமாகிவிடும்.

சட்டம் பார்ப்பது மூன்று விஷயங்களை: அலகு எப்படித் திறக்கிறது, திறந்தபின் பூட்டிக்கொள்கிறதா, நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள். நீளம் சில இடங்களில் மட்டும்தான் வருகிறது, அங்கும் இடத்துக்கு இடம் அளவு மாறுகிறது. கீழே உள்ள தவறுகள் எல்லாமே இந்த மூன்றில் ஒன்றை மறந்ததால் வருபவை.

திறந்த கத்தியைப் பையில் போடுவது

கலிபோர்னியா குற்றவியல் சட்டத்தின் 21310-ஆம் பிரிவு, பிச்சுவா போலக் குத்தப் பயன்படும் கத்தியை உடம்பில் மறைத்து எடுத்துச் செல்வதைத் தடுக்கிறது. சட்டத்தின் மொழியில் அதற்கு 'டர்க் ஆர் டேகர்' என்று பெயர். விளக்கம் 16470-ஆம் பிரிவில் இருக்கிறது: உடனே எடுத்துக் குத்தக்கூடிய நிலையில் உள்ள எந்தக் கத்தியும் இதில் அடங்கும். மடக்குக் கத்திக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அதன் அலகு வெளியே நீட்டி, அந்த நிலையில் பூட்டப்பட்டிருந்தால் மட்டுமே அது டேகர் ஆகும்.

அதாவது ஒரே கத்தி, மடித்திருந்தால் சட்டப்படி சரி. திறந்து பூட்டிய நிலையில் ஹூடி பாக்கெட்டுக்குள் போனால் குற்றம். அட்டைப் பெட்டியைக் கிழித்துவிட்டு, கை நிறையச் சாமான் இருக்கிறதே என்று கத்தியை அப்படியே பாக்கெட்டில் செருகுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். இந்தக் குற்றத்தை அரசுத் தரப்பு மிஸ்டிமீனராகவும் (சிறு குற்றம்) தொடரலாம், ஃபெலனியாகவும் (பெருங்குற்றம்) தொடரலாம். ஃபெலனி என்றால் 16 மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

பூட்டே இல்லாத கத்தி என்றால்? சுவிஸ் ஆர்மி கத்திகளில் பல, உள்ளே உள்ள வில்லின் அழுத்தத்தால்தான் திறந்து நிற்கின்றன. கொஞ்சம் அழுத்தினால் மடிந்துவிடும். அலகு திறந்த நிலையில் அப்படி ஒரு கத்தியை மறைத்து வைத்திருந்தவரின் வழக்கில், உராய்வால் திறந்து நிற்பது 'பூட்டப்பட்டது' ஆகாது என்று 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காஸ்டியோலோப்பஸ் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். இந்தத் தீர்ப்பை நம்பித் திறந்த கத்தியோடு நடக்க வேண்டாம். அவர் ஜெயித்தது கைது, விசாரணை, மேல்முறையீடு எல்லாம் முடிந்த பிறகு.

சமையல் கத்தியைத் துணிப்பையில் சுற்றி எடுத்துப் போவது

பூங்காவில் பிறந்த நாள் விழா, தர்பூசணி வெட்ட வேண்டும், வீட்டுக் கத்தியைக் காகிதத்தில் சுற்றி முதுகுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம். அது மடக்குக் கத்தி இல்லை என்பதால் மேலே சொன்ன விலக்கு அதற்குக் கிடையாது. மடங்காத கத்தி உடனே குத்தத் தயார் நிலையில் இருப்பதாக எளிதில் கருதப்படலாம்.

"பழம் வெட்டத்தானே கொண்டுபோனேன்" என்ற விளக்கம் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? 2000-ஆம் ஆண்டின் ருபால்காவா தீர்ப்பில் மாநில உச்ச நீதிமன்றம், குத்தும் நோக்கம் இருந்ததென்று அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. தெரிந்தே மறைத்து வைத்திருந்தார், அது குத்தப் பயன்படும் என்பது அவருக்குத் தெரியும் என்ற இரண்டும் இருந்தால் போதும்.

முதுகில் மாட்டிய பை 'உடம்பில்' இருப்பதாகுமா என்பதும் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பக்கத்தில் கிடந்த பைக்குள் கத்திகள் இருந்த வழக்கில், 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது உடம்பில் எடுத்துச் சென்றதாகாது என்றது. 2016-இல், துப்பாக்கி வழக்கு ஒன்றில், மாட்டியிருக்கும் பைக்குள் இருப்பது உடம்பில் இருப்பதுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே பையை மாட்டிக்கொண்டு நடந்தால் ஆபத்து உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கத்தியைத் தட்டு, கரண்டி, வெட்டுப் பலகையோடு ஒரே பெட்டியில் அடுக்கி, காரின் டிக்கியில் வைத்துக் கொண்டுபோங்கள். மடங்காத கத்தியை உடம்பில்தான் எடுத்துச் செல்ல வேண்டுமென்றால் 20200-ஆம் பிரிவு ஒரே ஒரு வழி தருகிறது: உறையில் போட்டு, இடுப்பிலிருந்து வெளியே தெரியும்படி தொங்கவிட வேண்டும். சட்டையால் மூடினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஸ்விட்ச்பிளேடை 'மடக்குக் கத்திதானே' என்று நினைப்பது

பட்டனை அமுக்கினாலோ, கைப்பிடியை அழுத்தினாலோ, மணிக்கட்டை உதறினாலோ, அலகின் எடையாலோ தானே திறந்துகொள்ளும் கத்தி 17235-ஆம் பிரிவின்படி ஸ்விட்ச்பிளேடு. அலகு இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ, அதாவது சுமார் 5.1 செ.மீ. இருந்தால் இந்த வரையறைக்குள் வந்துவிடும். கடைகளில் 'கலிபோர்னியா லீகல்' என்று 1.9 அங்குலப் பட்டன் கத்திகள் விற்பது இதனால்தான். பட்டாம்பூச்சிக் கத்தி என்று சொல்லப்படும் பாலிசாங்கும் ஸ்விட்ச்பிளேடுதான் என்று 1989-இலேயே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

21510-ஆம் பிரிவின்படி இதை உடம்பில் வைத்திருப்பதும், பொது இடத்தில் காரின் ஓட்டுநர் அல்லது பயணிகள் பகுதியில் வைத்திருப்பதும், விற்பதும், யாருக்காவது கொடுப்பதும் மிஸ்டிமீனர். நெவாடா 2015-இல் இந்தத் தடையை நீக்கிவிட்டது. லாஸ் வேகாஸ் கடையில் பில் போட்டு, எந்தக் கேள்வியும் இல்லாமல் வாங்கிய கத்தி, ஐ-15 நெடுஞ்சாலையில் மாநில எல்லையைக் கடந்ததும் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் இருந்தபடியே குற்றப் பொருளாகிவிடும். இணையக் கடை உங்கள் முகவரிக்கு அனுப்பிவிட்டது என்பதும் எதையும் நிரூபிக்காது. வாங்குமுன் கத்தியின் விவரத்தில் 'ஆட்டோ', 'ஓ.டி.எஃப்.' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆட்டோ என்பது தானே திறந்துகொள்ளும் ரகம். ஓ.டி.எஃப். என்பது அலகு கைப்பிடியின் முனை வழியாக நேராக வெளியே பாயும் ரகம்.

ஒற்றைக் கையால் திறக்கும் கத்தி எல்லாம் ஸ்விட்ச்பிளேடு இல்லை. அலகின் மேலோ, அலகில் பொருத்திய சிறு குமிழின் மேலோ கட்டைவிரல் வைத்துத் தள்ளித் திறக்கும் கத்திகளுக்குச் சட்டமே விலக்கு தருகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பலரும் தவறவிடுவது அதைத்தான்: அலகைத் திறக்க முயலும்போது அதைத் தடுக்கும் ஓர் எதிர்ப்பு கத்திக்குள் இருக்க வேண்டும், அல்லது அலகை மூடும் பக்கமாக இழுக்கும் அமைப்பு இருக்க வேண்டும். பெரும்பாலான கத்திகளில் இந்த எதிர்ப்பைத் தருவது டீடென்ட் எனப்படும் மிகச் சிறிய குண்டு. கைப்பிடியின் உட்தகட்டில் இருந்து, அலகின் அடிப்பகுதியில் உள்ள ஒரு குழிக்குள் போய் அமர்ந்து, மூடிய அலகைப் பிடித்துக்கொள்வது அதன் வேலை.

இந்த எதிர்ப்பு நாளாக ஆகக் குறையும். அச்சுத் திருகு தளர்ந்தால் அலகு பக்கவாட்டில் ஆடி, குண்டு குழியில் சரியாக அமராது. வாங்கும்போது சட்டப்படி இருந்த கத்தி, இரண்டு வருடம் பையில் கிடந்து, உதறினால் தானே திறக்கும் நிலைக்கு வந்திருக்கலாம். மாதம் ஒருமுறை வீட்டில் இதைச் சோதித்துப் பாருங்கள்: கத்தியை மூடி, அலகு வெளியே வரும் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, மெதுவாக ஆட்டுங்கள். அலகு சற்றும் இறங்கக் கூடாது. பிறகு கட்டைவிரலைத் தொடாமல் மணிக்கட்டை மட்டும் உதறுங்கள். திறந்துகொண்டால், பொருத்தமான டோர்க்ஸ் (நட்சத்திர முனை) திருகுளியால் அச்சை மிகக் கொஞ்சமாக இறுக்கி மறுபடி பாருங்கள். எட்டில் ஒரு சுற்றுகூடப் பெரிய வித்தியாசம் தரும். இறுக்கியும் நிற்கவில்லை என்றால் அந்தக் கத்தியை இனிப் பையில் போடாதீர்கள். 'வேகமாகத் திறக்க' என்று டீடென்டைத் தேய்த்துவிடும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. சட்டம் தந்த விலக்கைத் தாமே அழித்துக்கொள்ளும் வேலை அது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் பள்ளிதான்

நம்மவர்கள் அதிகம் மாட்டக்கூடிய இடம் இது. வார இறுதித் தமிழ் வகுப்புகளும், பொங்கல் விழாக்களும், நடன நிகழ்ச்சிகளும் பல ஊர்களில் வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளிக் கட்டடங்களில் நடக்கின்றன. 626.10-ஆம் பிரிவு, மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை நடத்தும் அரசு, தனியார் பள்ளிகளின் வளாகம் முழுவதற்கும் பொருந்தும். பள்ளி நேரத்துக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. மாணவர்களுக்கு மட்டும் என்றும் சொல்லவில்லை. வாகன நிறுத்துமிடமும் வளாகம்தான்.

அங்கே தடை செய்யப்பட்டவற்றில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, 2.5 அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் 6.35 செ.மீ.க்கு மேல் அலகுள்ள எந்தக் கத்தியும். இன்னொன்று, நீளம் எதுவானாலும், திறந்தபின் பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தி. மூடி வைத்திருந்தாலும் இது குற்றம்தான். பெல்ட்டில் மாட்டும் லெதர்மேன் வேவ் பல்கருவியின் அலகு பூட்டிக்கொள்ளும். ஓபினெல் எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ., கழுத்தில் உள்ள வளையத்தைத் திருப்பினால் அதுவும் பூட்டிக்கொள்ளும். இவற்றைப் பாக்கெட்டில் வைத்தபடி குழந்தையை வகுப்பில் விடப் போகிறவருக்கு, தான் ஃபெலனியாகக்கூடத் தொடரப்படக்கூடிய குற்றத்தைச் செய்கிறோம் என்ற எண்ணமே இருக்காது. விழா மேடை கட்ட, தோரணம் அறுக்க கத்தி தேவையென்றால் கத்தரிக்கோல் கொண்டுபோங்கள். சனிக்கிழமை காலை கிளம்புமுன் சாவிக்கொத்தையும் பெல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

அலகை அளக்கும்போது தீட்டிய விளிம்பை மட்டும் அளந்து குறைத்துச் சொல்லாதீர்கள். நுனியிலிருந்து கைப்பிடி தொடங்கும் இடம் வரை அளந்து, அந்தப் பெரிய எண்ணையே உங்கள் அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களில் விதி வேறு. அங்கே தடை 2.5 அங்குலத்துக்கு மேற்பட்ட மடங்காத கத்திக்கும் டேகருக்கும்தான். மேற்படிப்புக்கு வரும் மாணவர்களுக்கு முக்கியமான ஒரு விலக்கும் உண்டு: வளாகக் குடியிருப்பில் பயன்படுத்தவோ, சமையலுக்கோ கொண்டுவரும் கத்திக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் விடுதியின் ஒப்பந்தம் சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கலாம். கையெழுத்திடுமுன் ஆயுதங்கள் பற்றிய பகுதியைப் படித்துவிடுங்கள்.

நகரத்தின் விதியை மறப்பது

கத்தி விஷயத்தில் மாநிலச் சட்டமே எல்லாவற்றுக்கும் மேல் என்று நகரங்களைக் கட்டுப்படுத்தும் விதி கலிபோர்னியாவில் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் மூன்று அங்குலமோ அதற்கு மேலோ அலகுள்ள கத்தியைப் பொது இடத்தில் வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லக் கூடாது. தொழில், பொழுதுபோக்கு, மத வழக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. 'மூன்று அங்குலம்' என்ற நம்பிக்கை பரவியதற்கு இப்படிப்பட்ட நகர விதிகளும் ஒரு காரணமாக இருக்கும். அங்கே கிளிப்பில் மாட்டி வெளியே தெரிய விடுவதைவிட, மடித்துப் பாக்கெட்டின் அடிவரை போட்டுக்கொள்வது நல்லது. வேறு ஊருக்குப் போனால் அந்த நகரத்தின் சட்டத் தொகுப்பை (முனிசிபல் கோட்) தேடிப் பாருங்கள்.

அரசு அலுவலகமும் விமான நிலையமும்

மாநில, உள்ளாட்சிப் பொதுக் கட்டடங்களுக்குள் நான்கு அங்குலத்துக்கு மேல் நீண்டு, திறந்த நிலையில் நிலைநிறுத்தக்கூடிய அலகுள்ள கத்திக்குத் தடை. மத்திய அரசுக் கட்டடங்களில் அளவு மாறுகிறது: 2.5 அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள பாக்கெட் கத்தியை மட்டும் மத்தியச் சட்டம் ஆபத்தான ஆயுதம் என்று எண்ணுவதில்லை. கைரேகை பதிவுக்கும் குடியுரிமை நேர்காணலுக்கும் போகும் குடிவரவு அலுவலகங்கள் இதில் அடங்கும். சின்னக் கத்தி என்றாலும் வாசலில் காவலர் நிறுத்திவிடலாம். நேரம் ஒதுக்கிப் போன இடத்தில் அந்தச் சிக்கல் எதற்கு, வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் எந்த மடக்குக் கத்தியும் கூடாது. செக்-இன் பெட்டியில் சுற்றி வைக்கலாம்.

போலீஸ் நிறுத்தும்போது

கத்தியை எடுத்துக் காட்டப் பைக்குள் கையை விடாதீர்கள். இரண்டு கைகளும் தெரியும்படி வைத்துக்கொண்டு, ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டால், எந்தப் பையில் மடக்குக் கத்தி இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். காரைச் சோதிக்கலாமா என்று அனுமதி கேட்டால், சம்மதமில்லை என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் எதற்காக, யாருக்காக என்ற கேள்விகளுக்கு வழக்கறிஞர் இல்லாமல் நீண்ட விளக்கம் தர வேண்டியதில்லை. பொய் மட்டும் சொல்ல வேண்டாம். "தற்காப்புக்கு வைத்திருக்கிறேன்" என்ற வாக்கியம், அது குத்தப் பயன்படும் என்பது உங்களுக்குத் தெரியும் என்பதற்கு நீங்களே தரும் சாட்சியாகிவிடும்.

பார்க்கிங் தகராறில் மிரட்டலாகக் கத்தியை வெளியே எடுப்பது 417-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். கத்தி முழுக்கச் சட்டப்படியானதாக இருந்தாலும் குறைந்தது 30 நாள் சிறை.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. டி.எஸ்.-160 எனப்படும் விசா விண்ணப்பம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை, எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்றும் கேட்கிறது. குடியுரிமை விண்ணப்பமும் அப்படியே. வழக்கு தள்ளுபடி ஆனாலும் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். கத்தி வழக்கில் கைதானால், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி முடித்துவிடலாம் என்று முடிவெடுக்குமுன், குற்றவியல் வழக்கறிஞரோடு குடிவரவு வழக்கறிஞரையும் பாருங்கள். அன்றைக்கு என்ன நடந்தது, கத்தி எந்தப் பையில் இருந்தது, மடித்திருந்ததா திறந்திருந்ததா என்பதை மறக்குமுன் அன்றிரவே எழுதி வைத்து அவர்களிடம் கொடுங்கள்.