கீபேடு இருண்டு கிடந்தால்: குமரியிலிருந்து போனவர்களுக்கு

கனடா, அமெரிக்கா என்று போய் முதல் வாடகை வீட்டில் பெட்டி பிரித்துக்கொண்டிருக்கும் நம்ம மாவட்டத்து ஆட்களுக்கு இது. அங்கே பல வருஷம் அலாரம் மாட்டும் வேலை பார்த்துவிட்டு இப்போது தக்கலையில் இருக்கிறேன். சமையலுக்கும் பனிக்கும் சொல்லித்தர ஆள் உண்டு. சுவரில் தொங்கும் திருட்டு அலாரம் பெட்டியைப் பற்றியும், அதற்கு எண் அழுத்தும் கீபேடைப் பற்றியும் ஒருவரும் சொல்வதில்லை. பெட்டிக்குள் இருப்பதுதான் போர்டு; ஒயர்கள் எல்லாம் அதன் ஸ்க்ரூக்களில் வந்து சேரும்.

போன மே மாதம் விடியற்காலை ஐந்தரைக்கு மருமகன் டொராண்டோவிலிருந்து வீடியோவில் வந்தான். அங்கே இரவு எட்டு மணி.

"மாமா, கீபேடுல லைட்டே இல்ல. போர்டுல வோல்ட்டும் காட்டல. போர்டு போச்சுன்னு நினைக்கேன்."

"பைய சொல்லுலே மக்கா. மீட்டரை எங்க வச்ச?"

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கடைமடையில் நின்று பேச்சிப்பாறையைத் திட்டினால் ஆகுமா? கால்வாயோரமாக மேலே நடந்து ஒவ்வொரு மடையாகப் பார்க்க வேண்டும். அலாரம் போர்டும் அப்படித்தான். ஸ்க்ரூவில் பூஜ்யம் காட்டினால் போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

நடக்கத் தொடங்கும் முன் இரண்டு போன். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அலாரம் கண்காணிப்பு நிலையத்தோடு இணைந்திருந்தால் அவர்களிடம் சொல்லி, வரும் சிக்னலைக் கண்டுகொள்ளாதபடி டெஸ்டில் போடச் சொல்லுங்கள். பொய் அலாரத்துக்குப் பணம் வாங்கும் ஊர்கள் அங்கே நிறைய.

முதல் மடை சுவர் பிளக். அங்கே 120 வோல்ட். அதில் செருகியிருக்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் அதை 16.5 வோல்ட் ஏ.சி.யாக்கி, மெல்லிய ஒயரில் போர்டுக்கு அனுப்பும். பெரும்பாலான பழைய போர்டுகளுக்கு இதுதான் கணக்கு. மருமகன் பேஸ்மென்டில் மீன் வைக்க ஃப்ரீசர் வாங்கியிருந்தான். யாரோ விட்டுப்போன சார்ஜர் என்று நினைத்து இந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கி மூலையில் போட்டுவிட்டான். பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, நம்ம வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி, இருந்த மட்டும் தாங்கியது. பிறகு கீபேடு அணைந்தது. சில வீடுகளில் அந்த பிளக் ஒரு லைட் சுவிட்சோடு சேர்ந்திருக்கும். படுக்கப் போகும்போது சுவிட்சை அணைத்தால் அலாரமும் பட்டினி.

திரும்பச் செருகியும் வரவில்லை என்றால் போர்டில் ஏ.சி. ஒயர் இரண்டும் வந்து சேரும் ஸ்க்ரூக்களில் மீட்டரை ஏ.சி.யில் வைத்துப் பாருங்கள். 16, 17 வந்தால் நல்லது. ஒன்றும் வராவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்க்ரூக்களிலேயே பாருங்கள். அங்கே இருந்து போர்டில் இல்லை என்றால் ஒயர் எங்கேயோ அறுந்திருக்கிறது. பிளக்கில் கரண்ட் இருந்தும் டிரான்ஸ்ஃபார்மரில் இல்லை என்றால் அதை மாற்ற வேண்டியதுதான். பலவற்றில் இரண்டு ஒயர் உரசினாலே உள்ளே உள்ள ஃபியூஸ் போய்விடும். நாகர்கோவிலில் ஒன்று வாங்கிக் கொடுத்து விடவா என்று அக்கா கேட்டாள். வேண்டாம்: 230 வோல்ட்டுக்குச் செய்தது அங்கே பாதிதான் தரும். சுவர் பிளக்குக்குள்ளே கை வைக்காதீர்கள். அது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை.

இனி எல்லோரும் ஏமாறும் இடம். சென்சாருக்கும் கீபேடுக்கும் போகும் 'ஆக்ஸ்' ஸ்க்ரூக்களில் இருப்பது டி.சி.; 12-லிருந்து 13.8 வரை வர வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பச் செருகிய பிறகும் மருமகன் மீட்டரை ஏ.சி.யிலேயே விட்டிருந்தான். போதாததற்குக் கறுப்புக் கம்பியைப் பெட்டியின் தகரத்தில் வைத்திருந்தான். பெரும்பாலான போர்டுகளில் தகரம் வேறு, ஆக்ஸ் மைனஸ் வேறு. டி.சி.க்குத் திருப்பி, கறுப்பை ஆக்ஸ் மைனஸில் வைக்கச் சொன்னேன். 9 வோல்ட் வந்தது.

ஒன்பதும் போதாது. டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கி, பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டு, ஆக்ஸ் பிளஸில் உள்ள ஒயர்களை எல்லாம் எடுக்கச் சொன்னேன். ஒரு நிமிஷம் ஆறவிட்டு டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் செருகினால் 13.6. போர்டு நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு ஒயராக மாட்டினான். ஒவ்வொரு முறையும் கரண்டை எடுத்துவிட்டுத்தான். எந்த ஒயரில் விழுகிறதோ அதில் ஷார்ட் என்று அர்த்தம். அவனுக்கு எதிலும் விழவில்லை. பேட்டரியை மாட்டியதும் விழுந்தது. காய்ந்து செத்த பேட்டரி முழு போர்டையும் இழுத்துக்கொண்டிருந்தது. புதிது மாட்டும்போது சிவப்பு, கறுப்பு மாறிவிட்டால் போர்டு ஃபியூஸ் போகும்.

பூஜ்யம் காட்டியும் கோளாறில்லாத இடங்களும் உண்டு. சைரன் ஸ்க்ரூவில் அலாரம் அடிக்கும்போதுதான் 12 வரும். பி.ஜி.எம். என்று எழுதியிருப்பது, நாம் சொல்லி வைத்தபடி வேறு கருவியை இயக்கும் ஸ்க்ரூ; பெரும்பாலும் மைனஸைத்தான் திறந்து மூடும். அதை ஆக்ஸ் பிளஸோடு சேர்த்து அளக்க வேண்டும். கதவு, ஜன்னல் சென்சார் ஒயர்கள் வந்து சேரும் ஜோன் ஸ்க்ரூக்கள் கரண்ட் கொடுக்க வந்தவையே அல்ல. அங்கே தொங்கும் சின்ன ரெசிஸ்டரைக் குப்பை என்று வெட்டிவிடாதீர்கள். டி.எஸ்.சி. கம்பெனி போர்டுகளில் அது 5,600 ஓம், ஹனிவெல் விஸ்டாவில் 2,000 ஓம். அதை எடுத்தால் கதவு மூடியிருந்தாலும் திறந்திருக்கிறது என்று போர்டு சொல்லும்.

மறுநாள் புதுப் பேட்டரி வாங்கி மாட்டினான். ஃப்ரீசரை வேறு பிளக்குக்கு மாற்றினான். டிரான்ஸ்ஃபார்மர் மேல் 'தொடாதே' என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறான். வீட்டுக்காரருக்கு அது எப்படிப் புரியும் என்று கேட்டேன். "அவரு தொடமாட்டாரு மாமா, தொடுறது நாங்கதான்" என்றான்.