முதலில் செய்தித்தாளை மட்டும் கொடுங்கள்
தொடர்புப் போக்கு (regression: ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிப்பது) பாடம் நடத்தும்போது, 200 சந்தைகளின் விளம்பரச் செலவும் விற்பனையும் அடங்கிய Advertising என்ற பிரபலமான தரவுத்தொகுப்பிலிருந்து செய்தித்தாள் செலவையும் விற்பனையையும் மட்டும் முதலில் மாணவர்களிடம் கொடுங்கள். அவர்கள் தங்கள் முடிவை எழுதி முடித்த பிறகே டிவி, ரேடியோ செலவுகளைத் தாருங்கள்.

தனியாகப் பார்த்தால் செய்தித்தாளின் கெழு (செலவு ஓர் அலகு கூடினால் விற்பனை எவ்வளவு கூடும் என்ற எண்) சுமார் 0.055, விளம்பரம் நன்றாகவே பலன் தருவதாகத் தோன்றும். மூன்றையும் சேர்த்ததும் அது கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும். ரேடியோவுக்கு அதிகம் செலவான சந்தைகளில் செய்தித்தாளுக்கும் அதிகம் செலவாகியிருக்கிறது, ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு, correlation) சுமார் 0.35. அதனால் ரேடியோவின் பலன் செய்தித்தாளின் கணக்கில் ஏறியிருந்தது. தாங்களே எழுதிய முடிவு கண்ணெதிரே கவிழ்வதால், மற்றச் செலவுகளை மாறாமல் வைத்துப் பார்ப்பது ஏன் அவசியம் என்பது மாணவர்களுக்கு உடனே பிடிபடும். சூத்திரத்தால் மட்டும் இது வராது. எழுத வைப்பதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

சிதறல் வரைபடமே பழகாத வகுப்புக்கு இது ஒத்துவராது. வேறு தரவை எடுத்து, அதில் மாறிகளுக்கிடையே ஒட்டுறவு மிக அதிகமாக இருந்தாலும் வேண்டாம். அங்கே கெழுக்கள் நிலையில்லாமல் ஆடும், அவை சுருங்குவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.