ஆர்.சி. காருக்கு லிப்போ போடும் முன்...
எலெக்ட்ரிக் ஆர்.சி. கார்கள் (ரிமோட்டில் ஓட்டும் கார்கள்) பலவற்றோடு 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரிதான் வரும். புதிதாக ஓட்டுபவருக்கு அதுவே நல்லது. வேகம் போதாமல் லிப்போவுக்கு, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு மாறுகிறீர்களா? சரி, முதலில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலரை லிப்போ மோடில் வையுங்கள். சிலவற்றில் அது ஒரு குட்டி ஜம்பர்தான். அந்தப் பிளாஸ்டிக் துண்டைப் பிடுங்கி அடுத்த பின்னில் செருகினால் போதும். மாற்றாவிட்டால் பேட்டரிக்குள் இருக்கும் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் கார் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி உப்பிப் போகலாம். உப்பியதை மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

சார்ஜரும் லிப்போவுக்கானதாக, பேலன்ஸ் வசதியோடு (எல்லா செல்லையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவருவது) இருக்கட்டும். 5000 எம்.ஏ.எச். கொள்ளளவுள்ள பேட்டரிக்கு 5 ஆம்பியரில் சார்ஜ் போட்டால் போதும். அப்புறம், வாரக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் முழு சார்ஜில் விடாமல், சார்ஜரின் ஸ்டோரேஜ் மோடில் செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள்.