ரங்கூனிலிருந்து காசி போகிறவர்கள் முதலில் ராமேசுவரம் போங்கள்

ரங்கூனுக்குக் கல்கத்தா பக்கம். ஹௌராவில் ரயில் ஏறினால் ஒரு ராத்திரியில் காசி. நானும் என் வீட்டுக்காரரும் முதல் தடவை அப்படித்தான் போனோம். கங்கையில் முழுகி, செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ராமேசுவரம் வந்து வரிசையில் நின்றபோது பக்கத்திலிருந்த ஆச்சி, "சேது மண்ணு கொண்டுபோய்க் கரைச்சியா தாயி?" என்று கேட்டார். ராமேசுவரத்துக் கடல் மணலைப் பிரயாகையில் கரைத்துவிட்டுத்தான் கங்கைநீர் கொண்டுவர வேண்டும் என்பது தெரியாமல் போயிருந்தேன், எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து மறுபடி போனோம். இப்போது கோயிலில் யார் யாத்திரைப் பேச்செடுத்தாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: ராமேசுவரம், பிரயாகை, காசி, முடிந்தால் கயை, திரும்ப ராமேசுவரம். சென்னை வழியாகப் போங்கள்.

கிளம்புமுன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ராமேசுவரத்துக் கதையைச் சொல்லிவிடுங்கள். ராவணனைக் கொன்ற பாவம் தீர ராமர் சிவபூஜை செய்ய வேண்டும். லிங்கம் கொண்டுவரக் கயிலைக்குப் போன அனுமனைக் காணோம். நேரம் தவறுகிறதே என்று சீதை கடற்கரை மணலையே லிங்கமாகப் பிடித்தார். அவர்தான் ராமநாதர். வந்து பார்த்த அனுமனுக்கு மனசு தாங்கவில்லை. வாலால் சுற்றி இழுத்தும் மணல் லிங்கம் அசையவில்லை. ராமர் அவரைச் சமாதானப்படுத்தி, அவர் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்கே முதல் பூஜை என்று வைத்தார். இன்றும் அப்படித்தான் நடக்கிறது. பிந்தி வந்தவருக்குக் கிடைத்த அந்த மரியாதையை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

விடியற்காலை அக்கினி தீர்த்தத்தில், அதாவது கடலில் முழுகுங்கள். அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தம். மாற்றுத் துணி அவசியம். ஈரத்தோடு சன்னதிக்கு விடமாட்டார்கள். சேதுபதி மன்னர்கள் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள். அவசரமில்லாமல் ஒரு சுற்று நடங்கள்.

மணல் ஒரு கைப்பிடி போதும். புரோகிதர் வைத்துச் செய்தால் லிங்கமாகப் பிடித்துப் பூஜித்துத் தருவார். அதை ஈரத்தோடு முடிந்துவிடாதீர்கள், பூசணம் பிடிக்கும். அறையில் காகிதத்தில் பரப்பி, ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் காயவிட்டு, ஒரு மஞ்சள் துண்டோடு துணியில் முடியுங்கள். பிரயாகையில் படகில் போய்த் திரிவேணியில் கரைத்துவிட்டு அங்கேயே கங்கைநீர் எடுங்கள்.

காசிக்கு மூன்று ராத்திரியாவது வையுங்கள். சிவன் தன் சூலத்தின் மேல் தாங்கும் ஊர் அது, பிரளயத்திலும் அழியாது என்பார்கள். பிரமன் தலையைக் கிள்ளிய பைரவர் கையில் ஒட்டிய கபாலம் இந்த மண்ணில்தான் விழுந்தது. அவரே ஊர்க்காவல், ஆகவே காலபைரவரையும் பார்க்காமல் வராதீர்கள். இப்போதுள்ள விசுவநாதர் கோயில் 1780இல் இந்தூர் ராணி அகல்யாபாய் கட்டியது. பர்மா முழுக்க முருகன் கோயில் கட்டிய நகரத்தார் 1863இல் ஏற்படுத்திய சத்திரமும் காசியில் இருக்கிறது. அங்கிருந்து "சம்போ மகாதேவா" என்று சொல்லிக்கொண்டே பூஜைப் பொருள்களை விசுவநாதருக்கு எடுத்துப் போவார்கள். வழியில் நின்று கேட்டுப் பாருங்கள்.

செம்பு விஷயத்தில் மட்டும் கவனம். வாய்க்கு ஈயம் வைத்து அடைத்த செம்பு கடையில் கிடைக்கும். நீங்கள் எடுத்த தண்ணீரை உங்கள் கண்ணெதிரே ஊற்றி அடைக்கச் சொல்லுங்கள். ஈயம் விளிம்பு முழுக்கச் சுற்றி வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு ராத்திரி கவிழ்த்து வையுங்கள். காலையில் கீழே ஈரமில்லை என்றால் சரி. விமானத்தில் கைப்பையில் வேண்டாம். கைலியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

ராமேசுவரத்தில் அபிஷேகச் சீட்டு வாங்கிக் கொடுத்தால் அந்தத் தண்ணீரை ராமநாதருக்கு ஊற்றுவார்கள். செம்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கடைசித் தீர்த்தமான கோடி தீர்த்தத்து நீரை அதிலேயே பிடித்து வந்தால், ரங்கூனில் காத்திருக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஓர் உத்தரணி கொடுக்கலாம்.