முஹர்ரம் லீவு நாள் புத்தாண்டு அல்ல

காலண்டரில் முஹர்ரம் என்று சிவப்பில் அச்சான நாளைப் பார்த்ததும் நண்பருக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். நல்ல மனசுதான். முஹர்ரம் இஸ்லாமிய ஆண்டின் முதல் மாதம், அதன் முதல் நாள்தான் புத்தாண்டு. ஆனால் அரசு லீவு விடுவது முஹர்ரம் 10-ஆம் நாளான ஆஷூராவுக்கு. இஸ்லாமிய ஆண்டுக்கணக்கான ஹிஜ்ரி 61-இல் (கி.பி. 680) ஈராக்கின் கர்பலாவில் முஹம்மது நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்டது அன்றுதான், ஷியாக்களுக்கு அது துக்க நாள். சுன்னிகளில் பலர் நோன்பு வைப்பார்கள். புத்தாண்டு அதற்கு ஒன்பது நாள் முன்பே பிறந்துவிட்டிருக்கும்.

நபி மக்காவை விட்டு மதீனாவுக்குப் போனதுதான் ஹிஜ்ரத். அதற்கு அவர் புறப்பட்டது முஹர்ரம் முதல் நாள் என்று எழுதுவதும் தவறு. அவர் போய்ச் சேர்ந்தது மூன்றாம் மாதமான ரபியுல் அவ்வலில். பின்னாளில் கலீஃபா உமர் ஆண்டுக்கணக்கை ஏற்படுத்தியபோது, ஹிஜ்ரத் நடந்த ஆண்டை (கி.பி. 622) முதலாம் ஆண்டாக வைத்தார். முதல் மாதமாக முஹர்ரமே இருந்தது.

ஹிஜ்ரி தேதி நள்ளிரவில் மாறாது, மஃரிபில், அதாவது சூரியன் மறைந்ததும் மாறும். "வியாழன் மாலை வெள்ளி இரவு" என்று நோட்டீஸில் போடுவது இதனால்தான். இதைக் கவனிக்காமல் ஒரு நாள் தாமதமாகப் போய் நிற்பவர்கள் உண்டு.

அமாவாசைக்கு மறுநாளே முதல் பிறை என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லிவிடவும் முடியாது. பிறை கண்ணுக்குத் தெரிய வேண்டும். போன் காட்டும் ஹிஜ்ரி தேதி பெரும்பாலும் சவூதியின் உம்முல் குரா காலண்டர் கணக்கு. நம்மூரில் தலைமை காஜி அறிவிக்கும் தேதி அதிலிருந்து ஒரு நாள் தள்ளியிருக்கலாம்.

அப்புறம், ஆங்கில ஆண்டிலிருந்து 622-ஐக் கழித்தால் ஹிஜ்ரி ஆண்டு வந்துவிடாது. 2024-இல் 622 போனால் 1402. ஆனால் அந்த ஜூலையில் பிறந்தது 1446. சந்திர ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்து, 2008-இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு ஹிஜ்ரிப் புத்தாண்டுகள் வந்தன.

இந்த 11 நாள் காசிலும் இடிக்கும். ஜகாத், அதாவது சொத்திலிருந்து கொடுக்கும் கட்டாய தர்மம், சந்திர ஆண்டுக்கு 2.5 சதவீதம். மார்ச் 31-க்குக் கணக்கு முடிக்கும் வியாபாரி அதே சதவீதத்தைக் கொடுத்துவந்தால், சுமார் 33 வருடத்தில் ஒரு வருட ஜகாத் விட்டுப்போகும். அதனால்தான் ஆங்கில ஆண்டுக்கு 2.577 சதவீதம் என்று போடுகிறார்கள்.