ரோடியம்: நகை வாங்குவோரும் முதலீடு செய்வோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளைத் தங்க மோதிரத்தின் பளீர் வெண்மை அந்தத் தங்கத்துக்கே உரியது என்று நம்புவதுதான், பிளாட்டினக் குடும்பத்தைச் சேர்ந்த வெண்ணிற உலோகமான ரோடியம் தொடர்பாக நம்மிடையே மிகப் பரவலாகக் காணப்படும் தவறு. தங்கத்துடன் நிக்கலையோ பல்லேடியத்தையோ கலந்தாலும் பெரும்பாலும் லேசான மஞ்சள் சாயல் எஞ்சி நிற்கும் என்பதால், அதை மறைக்க ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் ரோடியத்தை மின்முலாமாகப் பூசுகிறார்கள். கடைக்காரர்கள் 'ரோடியம் பாலிஷ்' என்பது இதைத்தான். பாத்திரம், கைப்பிடி என எதையாவது ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும் உள்ளங்கைப் பக்கத்தில்தான் மோதிரம் முதலில் மஞ்சள் தட்டும். உடனே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. முலாம் தேய்வது இயல்பு, மறுபடி பூசிக்கொள்ளலாம். பற்பசையோ சமையல் சோடாவோ போட்டுத் தேய்த்தால் மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும். முலாம் தேய்ந்தபின் விரலில் அரிப்பு வந்தால், பழி ரோடியத்துக்கு அன்று, அடியிலுள்ள கலவையின் நிக்கலுக்கே பெரும்பாலும் உரியது. இன்னொன்று, நிறத்தை மட்டும் பார்த்து இத்தகைய நகையைப் பிளாட்டினம் என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது: 750 என்ற முத்திரை 18 காரட் தங்கத்தையும், 950 என்பது பொதுவாகப் பிளாட்டினத்தையும் குறிக்கும்.

தங்கத்தையும் பிளாட்டினத்தையும் கரைக்கும் ராஜதிராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) ரோடியத்தையும் கரைத்துவிடும் என்று கணக்குப் போடுவது மற்றொரு பிழை. 1804இல் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் லண்டனில் இந்த உலோகத்தைக் கண்டறிந்தது தென் அமெரிக்கப் பிளாட்டினத் தாதுவை அதே திராவகத்தில் கரைத்துத்தான் என்றாலும், பிளாட்டினத்தோடு கலந்திருக்கும்போது சேர்ந்து கரையும் ரோடியம், தூய கட்டியாக இருக்கும்போது ஏறக்குறைய அசைவதே இல்லை.

காரின் புகைப்போக்கியில் பொருத்தப்படும் வினையூக்கி மாற்றியை (கேட்டலிடிக் கன்வர்ட்டர்) புகை வடிகட்டி என்று நினைப்போர் பலர். அது எதையும் வடிகட்டுவதில்லை. பிளாட்டினமும் பல்லேடியமும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் ஆக்சிஜனேற்றம் செய்ய, நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நைட்ரஜனாக மாற்றும் வேலையை முதன்மையாக ரோடியம் செய்கிறது. ஈயம் இந்த வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில், வினையூக்கி மாற்றி பொருத்திய புதிய கார்களோடு ஈயமற்ற பெட்ரோலும் சேர்ந்தே வந்ததற்குக் காரணம் இதுதான். இந்த விலையுயர்ந்த உலோகங்கள் உள்ளே இருப்பதால், பழுதான மாற்றியைப் பழைய இரும்பு விலைக்குப் போடுவது நஷ்டம்.

விலை ஏறினால் சுரங்கங்கள் கூடுதலாகத் தோண்டும், பிறகு விலை தானாக இறங்கும் என்ற கணிப்பும் இங்கே பலிக்காது. உலக உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தென் ஆப்பிரிக்காவில், முக்கியமாகப் பிளாட்டினத்தின் உபபொருளாகவே கிடைக்கிறது. ரோடியத்துக்கென்று மட்டும் சுரங்கம் நடத்த முடியாது. ஆகவே தேவை சற்று அசைந்தாலே விலை எகிறும், அல்லது விழும். 2008இன் நடுவில் அவுன்சுக்குச் சுமார் 10,000 டாலராக இருந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் 1,000 டாலர் அளவுக்கு வீழ்ந்தது. 2021இல் 30,000 டாலரை நெருங்கி, 2023இன் நடுவில் 5,000 டாலருக்கும் கீழே போனது. தங்கத்துக்கு இருப்பது போன்ற பெரிய முன்பேரச் சந்தை இதற்கு இல்லாததால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளி பெரிது. சிறு கட்டி வாங்க நினைப்பவர், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார், என்ன விலைக்கு என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.