பரோலோ வாங்கும் முன் லேபிளில் இதைத் தேடுங்கள்

இத்தாலியின் வடமேற்கிலுள்ள பியமாண்ட் பகுதி என்றதும் பலரும் கேட்பது பரோலோ வைனைத்தான். விலையும் அதற்கேற்ப எகிறும். முதன்முறை வாங்குபவர்கள் நேராக அதற்குப் போக வேண்டாம் என்பேன். லேபிளில் 'லாங்கே நெபியோலோ' என்று இருக்கிறதா பாருங்கள். லாங்கே அதே பியமாண்டிலுள்ள மலைப்பகுதி, நெபியோலோ ஒரு கருந்திராட்சை வகை. பரோலோ, அங்கேயே செய்யப்படும் இன்னொரு வைனான பார்பரெஸ்கோ இரண்டும் முழுக்க நெபியோலோ திராட்சையில் செய்பவை. லாங்கே நெபியோலோவிலும் குறைந்தது 85 சதவீதம் அதே திராட்சைதான். பரோலோவை 38 மாதங்களாவது முதிரவைத்த பிறகே விற்க முடியும். லாங்கே நெபியோலோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் விலை குறைவு, சீக்கிரமே குடிக்கவும் பதமாக இருக்கும்.

கிளாஸில் ஊற்றியதும் நிறம் இவ்வளவு வெளிறி இருக்கிறதே, தண்ணீர் கலந்துவிட்டார்களோ என்று நினைக்காதீர்கள். நெபியோலோவின் இயல்பே அதுதான். முகர்ந்தால் ரோஜா வாசனை வரும். ஆனால் வாயில் வைத்ததும் பாக்கு மென்றதுபோல ஈறு இறுகும், அவ்வளவு துவர்ப்பு. தனியாகக் குடிக்காமல், மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சியோ முதிர்ந்த சீஸோ கூட இருந்தால் அந்தத் துவர்ப்பு அடங்கிவிடும்.

துவர்ப்பே பிடிக்காதா? சரி, அதே பியமாண்டின் துவர்ப்பு குறைந்த சிவப்பு வைனான பார்பெரா டாஸ்தி வாங்குங்கள். புளிப்பு தூக்கலான வைன் என்பதால் தக்காளி சாஸ் பாஸ்தாவுக்கு அருமையாகப் பொருந்தும்.

அப்புறம், இனிப்பு விரும்பிகளுக்கு அங்கிருந்தே வரும் இனிப்பான வெள்ளை வைன், மொஸ்காத்தோ டாஸ்தி. ஆல்கஹால் 5 சதவீதம் அளவுதான். இதைச் சேமித்து வைக்காமல், வாங்கிய வருடமே நன்றாகக் குளிரவைத்துத் திறந்துவிடுங்கள்.